கணித ஆசிரியையும் பெற்றோரும்

2021ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபின், "தேர்வுதான் இல்லையே, கணிதத்திற்கு ஏன் இத்துணைக் கவலை?" எனச் சிலர் என்னிடம் வினவுகின்றனர். தேர்வு போயினும் கணிதம் போகவில்லை. நம் பள்ளியில் தமிழில் கற்ற கணிதத்தைப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியில் தொடர வேண்டும். கருத்துத் தெளிவுள்ள பிள்ளைக்கு அங்குச் சொல் மட்டுமே புதிது. அஃதில்லாத பிள்ளைக்கு எல்லாமே புதிது.

இவ்வாண்டு நம் பள்ளியில் பணியேற்ற கணித ஆசிரியை இதனை நன்குணர்ந்தவர். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என எழுதிய மாணவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. "அரைத் தோசையோடு இன்னொரு துண்டு சேர்த்தால், அரையைவிடக் குறைந்துவிடுமா?" என்றே கேட்டார். சிறுவன் சிரித்தான், சற்றுச் சிந்தித்து 'ஆறில் ஐந்து' எனத் தானே திருத்தினான்.

பின்னம், தசமம், விழுக்காடு, விகிதம் எனப் படிப்படியாக உயரும் கலைத்திட்டத்தில் ஒரு படி தவறினால் அடுத்தது எட்டாது. ஆகவே, "எத்தனை புள்ளி?" என்பதோடு நில்லாது, "எப்படிக் கண்டாய்?" என்றும் வீட்டில் கேளுங்கள். அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. இரப்பர்ப் பாலின் எடையைக் கொண்டும் செம்பனைக் குலைகளை எண்ணியும் கூலி கணக்கிட்டவர்கள் நாம். ஆசிரியையை வந்து காணுங்கள். அவர் வகுப்பில் தொடங்கும் வினாவை வீட்டில் தொடருங்கள்.