குட்டியோடு நிற்கும் யானை

பூவாரில் கடலைச் சேரும் நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. வழியிலுள்ள அணையைச் சூழ்ந்த காடு 1958 முதல் சரணாலயம். விடுமுறையில் இந்த வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் வேன் அமர்த்திக்கொண்டு அங்கும், மூணாறு, முதுமலைக்கும் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். உழைப்பவர்களுக்கு ஓய்வு வேண்டியதுதான். ஆனால் சாலையோரம் குட்டியுடன் யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, கைப்பேசியும் கையுமாக இறங்கிவிடுவது விபரீதம்.

யானை ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஈனுகிறது. நெருங்கி வருபவன் கையில் இருப்பது காமிராவா, கல்லா என்று தாய்க்குத் தெரியாது. பந்திப்பூரில் 2025 ஆகஸ்டில் செல்பி எடுக்கப் போனவரை யானை விரட்டி மிதித்தது. உயிர் பிழைத்தவருக்கு வனத்துறை விதித்த அபராதம் ரூ.25,000. கூலிக்காரருக்கு அது ஒரு மாத உழைப்பு! மலம்புழை அருகே 2024 மே மாதம் ஆற்றைக் கடந்த யானைகளைப் படம்பிடித்த செய்தி ஒளிப்பதிவாளர் உயிரையே இழந்தார். அவர் தொழில் தெரிந்தவர்.

படம் எடுப்பது குற்றமன்று; இறங்குவதுதான் குற்றம். யார் வற்புறுத்தினாலும் காட்டுச் சாலையில் ஆட்களை இறக்கிவிட டிரைவர்கள் மறுக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரியாத நம்மவர் பலர். ஆகவே எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் இருக்க வனத்துறை ஏற்பாடு செய்யட்டும்.