கடன் பட்டவர் யார்? கட்டுபவர் யார்?

ஓர் அரசாங்கம் யாருடைய அரசாங்கம் என்பதை அறிய அதன் மந்திரிமாரின் மேடைப் பேச்சுக்களைக் கேட்க வேண்டியதில்லை. அது யாரிடம் வரி வாங்குகின்றது, யாருக்கு விலக்குக் கொடுக்கின்றது என்று பார்த்தாற் போதும். அந்த அளவுகோலைக் கையிற்கொண்டு இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அளந்து பார்க்குமாறு எமது வாசகர்களை, குறிப்பாகக் கமக்காரரையும் கற்றோரையும், வேண்டுகின்றோம்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட வரி அடுத்த மாதமே நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவர் வருமான வரியே கட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. கம்பனிகளின் பொது வரி வீதம் 28இலிருந்து 24ஆக இறங்கியது. மக்களுக்குச் சலுகை என்று இதற்குப் பெயரிட்டனர். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா உழைக்கும் கூலியாள் எந்நாளும் வருமான வரி கட்டியவனல்லன். கட்டாத வரியை நீக்கியதால் அவனுக்குக் கிடைத்தது யாது? சலுகை பெரிதும் சென்று சேர்ந்தது பெரிய வருமானம் உடையோரிடமே.

விளைவு விரைந்து வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதமளவில் இருந்த அரசிறை 2022இல் 8 வீதமளவுக்கு வீழ்ந்தது. கொள்ளைநோய் வந்தது; அந்நியச் செலாவணி வற்றியது. 2021இல் இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடைசெய்து கமக்காரனின் விளைச்சலையும் கெடுத்தனர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை உலகுக்கு அறிவித்தது. 2023 நவம்பரில், ஐவர் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வில் நால்வர், முன்னாள் ஜனாதிபதிமார் இருவர் உட்பட்ட அதிகாரத்திலிருந்தோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனத் தீர்ப்பளித்தனர். அந்த வரிக் குறைப்பும் அத்தவறுகளுள் ஒன்று.

தவறிழைத்தவர் யார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டம் கட்டுபவர் யார் என்பதே எமது கேள்வி.

பெறுமதி சேர் வரி 2022 யூனில் 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 சனவரி முதலாந் திகதி 18 வீதமாகவும் ஏறியது. அதுகாறும் விலக்கப்பட்டிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அதே நாளில் அவ்வரியின் கீழ் வந்தன. ஒரு கணக்குப் பார்ப்போம். இவ்வரிக்குட்பட்ட பொருள்களுக்கு மாதம் 10,000 ரூபா கொடுக்கும் குடும்பம், அதில் ஏறக்குறைய 1,525 ரூபாவை வரியாகவே கொடுக்கின்றது. அக்குடும்பம் அரசாங்கத்திடம் 5,000 ரூபா நலன்புரி உதவி பெறுவதாயின், ஒரு கையால் வாங்கியதில் மூன்றிலொரு பங்குக்கு அண்மையானதை மறு கையால் திருப்பிக் கொடுக்கின்றது. உழைத்ததெல்லாம் உண்டு முடிப்பவன் தன் வருமானம் முழுவதிலும் இச்சுமையைத் தாங்குகின்றான். உழைத்ததிற் கால்வாசியைச் செலவிட்டு எஞ்சியதைக் காணியிலும் முறியிலும் இடுபவனுக்கு அந்தக் கால்வாசியில் மாத்திரமே சுமை. வீதம் ஒன்றுதான், பாரம் ஒன்றன்று.

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இதைவிளக்க நாம் வேண்டுமா? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டது. வலிகாமத்துச் செம்மண்ணில் ஆறில்லை, குளத்துப் பாய்ச்சலில்லை; கிணற்று நீரை இயந்திரத்தால் இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. சிறு வள்ளத்திற் கடலுக்குப் போகும் கடற்றொழிலாளிக்கும் அந்த மண்ணெண்ணெயே துணை. நட்டத்துக்கு விற்க முடியாது என்று அரசாங்கம் சொன்னது. நட்டத்துக்கு இறைக்க முடியுமா என்று கமக்காரனை யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியம், தனியார் துறைத் தொழிலாளரின் முதுமைக்கால உணவு. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் மாதந்தோறும் தம் சம்பளத்தில் 8 வீதத்தை அதில் இடுகின்றனர். 2023இல் அரசாங்கம், அந்நிதியத்தின் திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றிக்கொள்க, மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளையோ தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன, அவை சரிந்தால் வைப்பாளர் கெடுவர் என்று காரணம் கூறினர். அக்காரணம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. எனினும், வங்கி சரியலாகாது என்று அஞ்சியவர்கள் தொழிலாளியின் முதுமை சரியலாமென்று எவ்வாறு துணிந்தனர்? வங்கிக்காகப் பேச வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு. கொழுந்து பறிப்பவளுக்காகப் பேச யார் இருந்தார்?

இத்தனைக்கும் ஈடாக அரசாங்கம் காட்டுவது 2023 யூலையிற் தொடங்கிய அஸ்வெசும. அதன் முதல் ஏற்பாட்டைப் பாருங்கள். 4 இலட்சம் குடும்பங்களுக்கு 2,500 ரூபா. 4 இலட்சத்துக்கு 5,000. 8 இலட்சத்துக்கு 8,500. 4 இலட்சத்துக்கு 15,000. வறியோரை எண்ணிய பின் தொகை வகுப்பதே முறை. இங்கு தொகை முன்னே வகுக்கப்பட்டது. வறியோர் அதற்குள் அடங்க வேண்டியவராயினர். 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வறுமையை அளந்தனர். பசியோ குறிகாட்டி பார்த்து வருவதில்லை. 2025இல் மேல் இரு தொகைகள் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன, அதை மறைக்கமாட்டோம். ஆனால் விலை ஏறும்போது உதவியும் தானே ஏறும் என்ற ஏற்பாடு அத்திட்டத்தில் இல்லை. மந்திரியின் மனமே அதன் விலைச்சுட்டி.

இக்கதை புதிதன்று. 1953இல் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. இடதுசாரிகள் அழைத்த அந்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1979இல் வழி மாறியது. பங்கீட்டரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. அதன் முகப்பிலிருந்த ரூபா மாறவில்லை, சந்தை விலை மாறியது. சில ஆண்டுகளில் முத்திரையின் பெறுமதி பெருமளவு கரைந்தது. எவரும் ஹர்த்தால் செய்யவில்லை. வெட்டினால் மக்கள் எழுவர், கரையவிட்டால் எழமாட்டார் என்ற பாடத்தை ஆட்சியாளர் அன்று கற்றுக்கொண்டனர்.

இனி ஏற்றத்தாழ்வைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிபரப்படி, நாட்டின் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேற்பட்டதை மேல்நிலை 20 வீதத்தினர் பெற்றனர். அடிநிலை 20 வீதத்தினர் 5 வீதத்தையும் எட்டவில்லை. அவ்வாண்டு கொழும்பு மாவட்டத்தில் வறியோர் 2.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம்; தோட்டத்துறையில் மூவரில் ஒருவர். இது நெருக்கடிக்கு முந்திய நிலை. அதன்பின் வறுமை ஏறக்குறைய இருமடங்காகி, 2023இல் நால்வரில் ஒருவரைப் பிடித்தது என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

“கஜானா வெறுமை, வேறு வழி யாது?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. வரியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வரியில்லாத நாட்டில் ஆசுபத்திரியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வழி உண்டு; அதை இந்நாடு முன்னரே அறியும். 1959இல், பேராசிரியர் கால்டோரின் ஆலோசனையின்படி, செல்வ வரியும் நன்கொடை வரியும் செலவு வரியும் இங்கே சட்டமாயின, பின்னர் கைவிடப்பட்டன. 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டிலேயே, ஆதன வரியும் நன்கொடை, மரபுரிமை வரியும் 2025இல் வருமென எழுதப்பட்டது. ஏழை மீதான வரி குறித்த நாளில் வந்தது. செல்வர் மீதான வரிக்கு 2025 வந்து போயிற்று. மறுபுறம், கொழும்புத் துறைமுக நகரில் முதலிடுவோருக்கு 40 ஆண்டு வரை வரிவிலக்கு வழங்க 2021இல் சட்டம் செய்தனர். 2009இற் போர் முடிந்த பின்னும், 2023ஆம் ஆண்டின் பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டை மிஞ்சியது.

அரசியலமைப்பைக் காட்டி ஆறுதல் பெறவும் வழியில்லை. 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, உறையுள் யாவர்க்கும் என்றும், சமூகத்தின் செல்வம் நீதியாகப் பங்கிடப்படும் என்றும் உரைக்கின்றது. 29ஆம் உறுப்புரை, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கின்றது. ஒரு கையெழுத்தால் வாக்களித்து மறு கையெழுத்தால் மீளப்பெறும் உறுதியை எந்த நொத்தாரிசும் ஏற்கமாட்டார்.

கற்றோரிடமும் ஒரு வார்த்தை. 2023இல் வருமான வரி 36 வீதம் வரை உயர்ந்தபோது வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் வீதிக்கு வந்தனர். 2025 ஏப்ரலில் விலக்கெல்லை 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாயிற்று. பேசியவர் பெற்றனர். ஆனால் 18 வீதம் கமக்காரனின் அடுப்பில் விழுந்த நாளில் நாம் எங்கே இருந்தோம்? பற்றுச்சீட்டு எழுதாமற் கட்டணம் வாங்கும் சட்டத்தரணியும் வைத்தியரும் எம்மிடையே இல்லையா? அவர் மறைக்கும் ஒவ்வொரு ரூபாவையும் திறைசேரி சங்கக்கடையில் நிற்பவளிடம் வாங்கிக்கொள்கின்றது. வீட்டிலே நீதியில்லாதவன் கொழும்பிலே நீதி கேட்க முடியாது.

ஆதலின் நாம் கேட்பவை நான்கு. வாக்களித்த ஆதன, மரபுரிமை வரிகள் தாமதமின்றிச் சட்டமாக வேண்டும். வழங்கப்படும் ஒவ்வொரு வரிவிலக்கும், அதைப் பெறுபவர் பெயருடனும் இழந்த தொகையுடனும் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். நலன்புரி உதவி விலைவாசியோடு சேர்ந்து உயரச் சட்டமே கட்டளையிட வேண்டும். அதிலிருந்து விலக்கப்பட்டவர் தம் மொழியிற் காரணம் பெற்று மேன்முறையிட உரிமை வேண்டும். வறியோரை எண்ணும் பொறுப்பு, அவர்கள் வாசற்படியை அறிந்த பிரதேசத்திடமும் மாகாணத்திடமும் வர வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி விட்டவர்கள், முல்லைத்தீவின் பசியைக் கொழும்பிலிருந்து கணக்கிட்டார்கள்.

இக்கோரிக்கை தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. மொனறாகலைச் சிங்களக் கமக்காரனும் மூதூர் முஸ்லிம் மீனவனும் அதே 18 வீதத்தையே கட்டுகின்றனர். 1953இல் அவர்களோடு சேர்ந்தே நாம் எழுந்தோம். கடன் பட்டவர்கள் கணக்குக் காட்டும்வரை, கட்டுபவர்கள் வாய்மூடி இருத்தலாகாது.