மேலே மழை, கீழே வாடகை

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முந்திய இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலையிலும் ஓயாது மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை மலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் பெயர்ந்து வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர்.

“மலைமேல் வீடு கட்டிக்கொள்ள யார் சொன்னார்கள்?” என்று அந்நாள்களில் பலர் கேட்டனர். நாமும் ஒருமுறை அவ்வாறு சொல்லிவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. சரிவில் குடியிருந்து, நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் தாய் ஒருவர் அதற்கு மறுமொழி தந்தார்: “மேல இருந்தா மழைக்குப் பயம் சாமி, கீழ வந்தா வாடகைக்குப் பயம். மழை வருஷத்துல நாலு நாளு. வாடகை மாசாமாசம் வருதே!”

நாம் வாயடைத்து நின்றோம்.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். விடுதிகள் பெருகின; மனை விலை ஏறிற்று. பூக்கட்டுவோர், தெருப் பெருக்குவோர், விடுதித் துணி வெளுப்போர் ஆகியோரின் உழைப்பு நகரத்திற்கு நாள்தோறும் தேவைப்படுகிறது. ஆனால் அவர்கள் கூலிக்கு எட்டிய வாடகையில் சமதரையில் ஓர் அறை கிடைப்பது அரிது. ஆகவே மலை ஏறுகின்றனர்.

நிலச்சரிவு நிகழ்ந்த பன்னிரண்டாம் நாள் கார்த்திகைத் தீபம். புவியியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தனர். பக்தர்கள் மலையேறுவது தடுக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து செல்வோர் உள்ளிட்ட சிலர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மிகச் சரியான முடிவு அது. ஒரு நாள் ஏறி இறங்குவோரின் உயிருக்குக் காட்டிய அதே அக்கறையை, ஆண்டு முழுவதும் அம்மலையின் மடியில் உறங்குவோருக்கும் காட்ட வேண்டும் என்பதே நமது விண்ணப்பம்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளை அட்டவணையிட்டுள்ளது. நகரமைப்பு, நில உபயோகத்தை ஒழுங்குபடுத்தல், குடிசைப் பகுதி மேம்பாடு, நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும்.

1886 முதல் நகராட்சியாக இருந்த திருவண்ணாமலை, சுற்றுப்புற ஊராட்சிகளையும் உட்கொண்டு விரியும் வகையில் 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. (ஊராட்சி நகரோடு சேர்ந்தால் கிராமப்புற வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும், வரியும் கூடும். ஏழைகளின் இந்த அச்சம் தனியே எழுதத்தக்கது.) விரியும் எல்லைக்குள் இன்னும் சமதரை நிலம் உண்டு. மனைத் தரகர்கள் அதனைக் கூறு போடுமுன், ஒரு பகுதியை உழைப்போர் குடியிருப்புக்கென ஒதுக்கிவைக்க வேண்டிய வேளை இதுவே. அவ்விடம் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் இன்றியமையாதது. சென்னையில் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். வெள்ளத்திலிருந்து தப்பினர், பிழைப்பை இழந்தனர்.

சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டுத் திருமடலில் எழுதினார். மேலே உள்ளவர்களுக்கு அறிவுரையாகவே இதனை வாசித்துப் பழகிவிட்டோம். சிறிய சமூகம் கூடுவதற்கே சோம்பினால்? தமிழக நகரங்களில் 2022 நவம்பர் முதல் நாள் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. தெருவிளக்கு முதல் குடியிருப்பு வரை அங்கே எழுந்து நின்று கேட்கலாம். பங்குக் குடும்பங்களில் எத்தனை பேர் இதுவரை சென்றிருக்கிறீர்கள் என்று ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கேட்டோம். மூன்று கைகள் உயர்ந்தன. அவற்றுள் ஒன்று, தேநீர் கொடுக்கப் போனவருடையது.

அடுத்த கூட்டத்திற்கு அந்தத் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று ஒரு வீட்டு வேலைக்கு விடுப்புக் கேட்க வேண்டுமாம். இதற்கிடையில் ஐப்பசி மழை காத்திராது. பங்கு மண்டபத்தின் மாற்றுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்துவைத்திருக்கிறோம். இரவு எந்நேரமானாலும் பிள்ளைகளோடு வந்து திறந்துகொள்ளலாம். நம்மை எழுப்பவும் வேண்டியதில்லை.