குற்றங்காண்போரும் களமும்

பிறர் ஆட்டத்திற் குற்றங்காண்டல் எளிது. பொறுப்பேற்று ஓர் அணியை ஆடுவித்தலோ அரிது. இதற்கு வேல்ஸ் நாட்டுக் காற்பந்து வீரர் ராபி சாவேஜின் வாழ்வைச் சான்றாகக் காட்டுவாம்.

1974-ல் ரெக்ஸம் நகரிற் பிறந்த இவரை, மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தார் முதலணியில் ஒருமுறையேனும் ஆடவிடாது 1994-ல் விடுவித்தனர். இவர் சோர்ந்திலர். குரூ என்னுஞ் சிறிய கழகத்திற் சேர்ந்து உழைத்தார்; பின்னர் லெஸ்டர் அணியினருடன் 2000-ல் லீக் கோப்பையை வென்றார்; தம் நாட்டிற்காக 39 ஆட்டங்கள் ஆடினார். 2011-ல் ஆட்டத்தினின்று ஓய்வுற்று, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பிறர் ஆட்டத்தை அஞ்சாது ஆராய்ந்துரைத்தார்.

அந்த நாற்காலியிலேயே அவர் நிலைத்திருக்கலாம். ஆயினும் 2024-ல் மாக்கிள்ஸ்பீல்டு அணியின் மேலாளராயினார். கடனால் 2020-ற் கலைக்கப்பட்ட பழங்கழகத்தின் இடத்தில் எழுந்த கழகம் அது. அவ்வணி 2025-ல் தன் லீக்கில் முதலிடம் பெற்று மேற்படிக்கு உயர்ந்தது. அவ்வாண்டிலேயே அவர் பாரஸ்ட் கிரீன் கழகத்திற்குச் சென்றார்.

"ஏழாம் படியில் வென்றது பெரிதோ?" என்பாருமுளர். பெரிதே என்போம் யாம். பேர்பெற்ற ஒருவர் சிறுகளத்திற் றோற்பின் நகையாடுவோர் பலராவர். அதனையறிந்தும் அவர் இறங்கினார். ஆராய்ந்துரைப்போர் யாவரும் அணி நடத்தவேண்டுமென்பது எம் கருத்தன்று. ஆயினும், தம் சொல்லைத் தம் செயலாற் சோதிக்க அஞ்சாதார் சொல்லுக்கே எடை மிகுதி.