தூக்குவாளி எங்கே போனது?

தொந்தி விழுந்த இளைஞனைக் கண்டால் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "தின்றுவிட்டுத் தூங்குகிறான்." பாதி உண்மைதான். பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, இரவு பதினோரு மணிக்குக் கடை அடைத்துப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிப் போகிறவருக்கு உடல் பெருக்காமல் என்ன செய்யும்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டிருந்தார்கள். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 என்பது 37 ஆகிவிட்டது. நான்கைந்து ஆண்டுகளில் இத்தனை பேர் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா?

மீதிக் காரணங்களைத் தேடுவோர் சில வேதிப்பொருட்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் புளூம்பெர்க்கும் ஃபெலிக்ஸ் குரூனும் 'ஒபிசோஜன்' என்றொரு சொல்லை உருவாக்கினார்கள். உடலில் கொழுப்புச் சேரத் தூண்டும் வேதிப்பொருள் என்பது அதன் பொருள். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய வர்ணத்தில் டிரைபியூட்டைல்டின் என்ற பொருள் இருந்தது. (2008 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி அந்தப் பூச்சுக்குத் தடை.) அதைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளின் உடலில் கொழுப்புக் கூடுதலாகச் சேர்ந்தது. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேருமா என்பதில் முடிவான தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆயினும் கருவிலிருக்கும் பிள்ளையின் விஷயத்தில் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனமா?

நம் வணிகர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உங்கள் கையிலிருக்கும் பில்லைப் பாருங்கள். மை இல்லாமல், சூட்டினால் எழுத்து விழும் அந்த வழவழப்பான தாளில் பெரும்பாலும் பிஸ்பீனால் என்ற பொருள் பூசப்பட்டிருக்கும். சந்தேகப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. பூச்சு தாளோடு இறுகிப் பிணைந்திருப்பதில்லை. விரலில் ஒட்டும்; ஈரக் கையிலும் எண்ணெய்க் கையிலும் இன்னும் அதிகமாக ஒட்டும். வாடிக்கையாளர் ஒரு பில்லைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். கல்லாவில் இருக்கும் பையன் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கிழித்துக் கொடுக்கிறான். அதே கையால் வடையும் தின்கிறான். ஐரோப்பிய ஒன்றியம் பில் தாளில் பிஸ்பீனால் ஏ-வை 2020 ஜனவரியிலேயே கட்டுப்படுத்திவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015இல் குழந்தைகளின் பால் புட்டியோடு நின்றுகொண்டது. 'பிபிஏ இல்லாதது' என்று அச்சிட்ட ரோலை வாங்கித் திருப்திப்பட்டுவிடவும் வேண்டாம். அதற்குப் பதில் பூசப்படும் பிஸ்பீனால் எஸ், அதன் உடன்பிறப்புத்தான்.

அடுத்தது பார்சல். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ளது உணவுக்குள் இறங்குவது கூடும். கொதிக்கும் சால்னாவைப் பாலிதீன் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பது, உணவு விற்பதோடு வேறெதையோ சேர்த்து விற்பதுதான். 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் இவ்வகைக் கவர்களுக்குத் தடை இருக்கிறது. தடை காகிதத்தில், கவர் கடையில்.

பருவத்தில் விளைவதை அந்தந்தப் பருவத்தில் விற்றால் இந்தத் தொல்லை தானாகவே குறையும். சித்திரையில் நுங்கு, ஆடியில் நாவல், புரட்டாசியில் சீதாப்பழம், தையில் பனங்கிழங்கு. பக்கத்து ஊரிலிருந்து கூடையில் வந்து அன்றே விற்றுத் தீரும் இவற்றுக்கு டப்பா வேண்டாம். டப்பாவின் உட்புறம் பூசும் ரசாயனமும் வேண்டாம். உள்ளூர்ச் சரக்கெல்லாம் சுத்தம் என்று நாம் சொல்லவில்லை. உள்ளூர்க் கத்தரிக்காய்க்கும் மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள். நன்றாகக் கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் கைமாறுவது குறையக் குறைய, மேலே சுற்றும் உறையும் குறைகிறது.

ஒரு காலத்தில் நோன்புக் கஞ்சிக்கு அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நிற்பார்கள். இன்று பல ஊர்களில், அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி ஆவி பறக்கப் பறக்கக் கவரில் கட்டப்படுகிறது. அதை வாங்கிப் போவோரில் கர்ப்பிணிகளும் உண்டு. பால் கொடுக்கும் தாய்மார்களும் உண்டு.

பில் தாள் விஷயத்தில் ஐரோப்பியக் கட்டுப்பாடு இங்கும் வர வேண்டுமென வணிகர் சங்கங்கள் அரசிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். அதுவரை, கேட்டால் மட்டும் பில் அச்சிடலாம். கல்லாப் பையன் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது என்று முதலாளி கண்டிப்புக் காட்டலாம். ஜமாஅத் நிர்வாகிகளோ வரும் ரமலானுக்கு முன்பே அறிவித்துவிடட்டும்: பாத்திரம் கொண்டு வந்தால்தான் கஞ்சி. முதல் நாள் சிலர் முணுமுணுப்பார்கள். மறுநாள் பரணிலிருந்து எவர்சில்வர் தூக்குவாளி இறங்கிவிடும்.