தக்காளிச் செடிக்கு என்ன பிரச்னை? மருந்தடிக்கும் முன் இதைப் பாருங்கள்!

மாடித்தோட்டம் போடுபவர்களில் பலர் முதலில் வைப்பது தக்காளி. முதலில் நம்மைச் சோர்ந்துபோக வைப்பதும் அதுதான். பூ உதிர்கிறது, இலை சுருள்கிறது, காயின் அடி கறுக்கிறது. உடனே கடைக்குப் போய், `தக்காளிக்கு ஒரு மருந்து கொடுங்க' என்று வாங்கிவந்து தெளித்துவிடுகிறோம். ஆனால், தொட்டித் தக்காளிக்கு வரும் தொல்லைகளில் பல, நோயே அல்ல. தண்ணீரும் வெயிலும் செய்கிற வேலை. அதற்கு மருந்தடித்தால் செடிக்குப் பயனில்லை. பறித்ததும் அப்படியே கடித்துச் சாப்பிடும் குழந்தைகளுக்கும் நல்லதல்ல. எனவே, முதலில் செடியைப் பார்ப்போம்.

காயின் அடி கறுக்கிறதா?

காம்புக்கு எதிர்ப்பக்கம் கறுத்து அமுங்கியிருந்தால், கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் கால்சியம் இருந்தாலும், அதைக் காய்வரை கொண்டுசேர்ப்பது தண்ணீர்தான். இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். பழம் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். மண்ணின் ஈரம் சீராக இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்கு போடுங்கள். முட்டை ஓடு மக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இப்போதுள்ள காய்களை அது காப்பாற்றாது. இது தொற்றாது என்பதால், கறுத்த காய்களைப் பறித்துப்போட்டால் போதும்.

பூ உதிர்கிறதா?

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ கொட்டிவிடும். அப்போது உரத்தை அள்ளிப்போட்டால் இலைதான் தழைக்கும். நிழல்வலை கட்டுங்கள். காலையில் பூங்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் பூத்துவிடும். கோடைக்குப் பயப்பட வேண்டாம்.

இலை சுருள்கிறதா?

எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் பச்சை மாறாமல் சுருண்டால், அது வெயிலுக்குச் செடி செய்துகொள்ளும் தற்காப்பு. விட்டுவிடலாம்.

நுனியிலுள்ள இளம் இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டு, செடியும் குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ. இதற்கு மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளைக் காப்பாற்றும் வழி. ஈக்கள் பறந்துவிடாதபடி செடியை ஒரு பையால் மூடிய பிறகு பிடுங்குங்கள். இந்த வைரஸ் மண்ணில் தங்காது. அதே மண்ணில் வேறு செடி வைக்கலாம். மீதிச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

அடி இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளியா?

இது பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

செடி வாடுகிறதா?

உச்சிவெயிலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். ஈரம் இருந்தும், பச்சையாகவே துவண்டு, மறுநாள் காலையிலும் நிமிரவில்லையென்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல இழை இழையாகக் கசிந்தால் அதே நோய்தான். செடியோடு மண்ணையும் அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் கத்திரி, மிளகாய் வைத்தாலும் இதே கதிதான்.

அடிக்கடி இந்தத் தொல்லை வருபவர்கள், அடுத்தமுறை `அர்கா ரக்ஷக்' ரகத்தை வைத்துப் பாருங்கள். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த வீரிய ரகம் இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடியது. ஆனால், அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் அதே குணம் வராது. விதையைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது நான்கு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ நாலைந்தாக இருக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த வாரம்: கத்திரிக்காயில் புழு வராமல் தடுப்பது எப்படி?