கோரிமேடு வந்தால் ஃபாரின்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து மேற்கு வங்காளத்தில் இருக்கும் கரக்பூருக்கு ஒரு ரயில் போகிறது. உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. தெரிந்தவர்கள், "நமக்கும் கரக்பூருக்கும் என்னய்யா சம்பந்தம், பொண்ணு கொடுத்திருக்கோமா?" என்கிறார்கள். விடை வழியில் இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி என்று வளைந்து போகிற ரயில் அது. வேலூரில் ஏறி இறங்குகிறவர்களைக் கவனியுங்கள். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் எக்ஸ்ரே கவர்.

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று எங்கே பார்த்தாலும் பெங்காலியில் போர்டு. தமிழில் ஒரு டீ கேட்டால் கடைப்பையன் நம்மை வெளியூர் ஆசாமி என்று நினைத்துவிடுவான் போலிருக்கிறது. வருகிறவர்களில் கல்கத்தாக்காரர்கள் உண்டு. எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களும் உண்டு. பின்னவர்கள் பாஸ்போர்ட், மெடிக்கல் விசா எல்லாம் எடுத்து வரவேண்டும். நோயாளியோடு துணைக்கு வருகிற இரண்டு பேருக்கு அதிலேயே தனி விசா. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு அந்த விசா வெகுவாகச் சுருங்கி, கல்கத்தா ஆஸ்பத்திரிகளில் கூட்டமே குறைந்துபோனது.

இதற்கு 'மெடிக்கல் டூரிஸம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவன் வைத்தானோ! கிட்னியில் கல்லோடு வருகிறவன் டூரிஸ்டாம். மாமல்லபுரத்தில் இருப்பது போதாதென்று வயிற்றிலும் கல் பார்க்க வருகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து டெபிட், கிரெடிட் எழுதுகிற வியாதி உண்டு. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் இல்லை. அந்தப் பழக்கத்தில் யோசித்தபோது ஒன்று புரிந்தது. உலகத்தில் எந்த தேசத்திலும் வைத்தியத்துக்கு மூன்றே மூன்று நாணயங்கள்தான் செல்லும். பணம், நேரம், தூரம். எது குறைகிறதோ, அதை மற்ற இரண்டால் ஈடுகட்ட வேண்டும்.

அமெரிக்காவில் பணம். இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம், ஆனால் நேரம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்கே அரசாங்கம் வைத்திருக்கும் இலக்கு. பதினெட்டு வாரம்! நம்ம ஊரில் அதற்குள் ஒரு கல்யாணம் நிச்சயமாகி, நடந்து, மாப்பிள்ளை மாமியாரோடு சண்டையும் போட்டிருப்பார். அந்த இலக்கையும் பல வருஷமாக அவர்களால் எட்ட முடியவில்லை. பணமும் நேரமும் கட்டுப்படியாகாதவன் மூன்றாவது நாணயத்தை எடுக்கிறான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

என் பெரியப்பா பையன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திண்டிவனம் வருவான். அம்மா பாசம் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உண்மை தெரியும். பல். அங்கே ஒரு ரூட் கேனல், மேலே ஒரு கேப், இரண்டுக்குமாக 2,500 டாலர் கேட்டார்களாம். நாலு பல்லுக்குப் பத்தாயிரம் டாலர். ரூபாயில் எட்டு லட்சத்துக்கு மேல். திண்டிவனத்தில் பல்லுக்கு 9,000 வீதம் 36,000. விமான டிக்கெட் ஒண்ணேகால் லட்சம். "டேய், டிக்கெட், பல்லு, திருப்பதி, பெரியம்மா கையால வத்தக்குழம்பு எல்லாம் சேர்த்தும் ஆறு லட்சம் மிச்சம்டா!" என்றான், பாதி வாய் மரத்துப்போன நிலையிலும். மீதிப் பாதி வாயால் பக்கோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதில் அவனை மட்டும் சொல்லக்கூடாது. மெக்ஸிகோவில், அமெரிக்க எல்லையை ஒட்டி லோஸ் அல்கொடோனஸ் என்று ஒரு குட்டி ஊர். நூற்றுக்கணக்கில் பல் டாக்டர்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் காரை நிறுத்திவிட்டு, நடந்து வந்து பல் கட்டிக்கொண்டு போகிறார்கள் அமெரிக்கத் தாத்தாக்கள். ஊருக்குப் பட்டப்பெயரே 'கடைவாய்ப்பல் நகரம்'. ஆஸ்திரியாக்காரர்கள் இதே வேலைக்கு ஹங்கேரி எல்லைக்குள் போகிறார்கள். 1997-ல் தாய்லாந்து நாணயம் சரிந்தபோது, பாங்காக்கில் பும்ருங்ராட் என்ற ஆஸ்பத்திரிக்கு உள்ளூர் நோயாளிகள் குறைந்துபோனார்கள். நிர்வாகம் அழவில்லை. 'நம்ம காசு மதிப்பு குறைந்தால் வெளிநாட்டானுக்கு நாம் சீப்பு' என்று கணக்குப் போட்டு, கதவை அந்தப்பக்கம் திறந்துவிட்டது.

நாமும் ஒரு காலத்தில் எதிர்த்திசையில் பறந்தவர்கள்தான். 1984-ல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். முதலில் அவரைச் சேர்த்தது சென்னையில் அதற்கு முந்தைய வருஷம்தான் திறந்திருந்த அப்போலோவில். அங்கிருந்து அமெரிக்காவுக்கு. அன்றைக்கு முதலமைச்சர் போன வழியில் இன்றைக்கு என் பெரியப்பா பையன் திரும்பி வருகிறான், நாலு சொத்தைப் பல்லோடு.

*

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வெளிநாடு என்பது இன்னும் கிட்டே இருந்தது. 1954 நவம்பர் 1 வரை பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். விழுப்புரத்திலிருந்து 1879-லேயே ரயில் போட்டுவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் போனால் பிரான்ஸ்!

அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியைத்தான் ஜிப்மர் தன் வம்சாவளியின் முதல் பெயராகச் சொல்லிக்கொள்கிறது. 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964-ல் ஜிப்மர் என்ற பெயர், 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று தனிச் சட்டம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போனால், தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆரம்பிக்கிற இடத்தில், கோரிமேட்டில் இருக்கிறது. கண்டக்டர் "ஜிப்மர்லாம் எறங்கு" என்றதும் பஸ்ஸில் பாதி காலி. இறங்குகிறவர்கள் கையில் தூக்குச்சட்டி, பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய ஃபைல். பாஸ்போர்ட், விசா இல்லாத மெடிக்கல் டூரிஸம். இவர்கள் கட்டுவது எந்த நாணயம்? தூரமும், அதைவிட அதிகமாக நேரமும்.

இப்போது என் நண்பர் ஒருவரின் கதை. விழுப்புரத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 24,000. கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. ஒருநாள் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பெரிய ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்துவிட்டு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், ரெண்டே முக்கால் லட்சம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லையா? ஆண்டு வருமானம் 1,20,000 வரை இருந்தால்தான் உண்டு. மாசம் பத்தாயிரம். இவர் 'பணக்காரர்'. சரி, இ.எஸ்.ஐ.? 2017 ஜனவரியில் அதன் சம்பள வரம்பை 21,000 ஆக்கினார்கள். இவர் மூவாயிரம் அதிகம் வாங்குகிறார். அங்கேயும் பணக்காரர். கம்பெனியில் குரூப் பாலிசி கிடையாது. ஏழைக்கு அட்டை இருக்கிறது, பெரிய உத்தியோகஸ்தனுக்குப் பாலிசி இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு மனைவியின் கழுத்துச் செயின் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி ஹாலில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் உட்கார்ந்திருந்ததாம். அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு ஆள், ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வர ஒரு கார். அவர் மேல் இவருக்குக் கோபமில்லை. "பாவம், அவனும் அப்பனைத்தான் கூட்டி வந்திருந்தான். ஆனா ஒண்ணுப்பா... அவனுக்கு மெட்ராஸ் சீப்பு. எனக்கு மெட்ராஸே ஃபாரின்" என்றார்.

கணக்கு எழுதுகிறவர் அல்லவா, எஸ்டிமேட்டை வரி வரியாகப் பிரித்தார். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்ததை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று கட்டிப்போட்டது. அப்புறம் அந்த உச்சவரம்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் லட்சத்துக்குப் போகவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிக்கும் இதேபோல் வரம்பு வந்தது. இவர் தாளில் ஸ்டென்ட் வரம்புக்குள்தான் இருந்தது. மீதி ரெண்டு லட்சத்துச் சொச்சம் அறை, தியேட்டர், 'இதர செலவுகள்'. ஆடிட்டர்கள் முதலில் விரல் வைக்கிற இடமே அந்த 'இதர'தான்.

அங்கே இருந்த டாக்டரிடமே நேராகக் கேட்டார்: "ஒரு வாரம் தாங்குமா ஸார்?" நல்ல மனுஷர். ரிப்போர்ட்டைப் பார்த்து, மாத்திரையில் தாங்கும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொண்டு கோரிமேட்டுக்கு வந்தார். விடியற்காலை க்யூ, டோக்கன், மறுபடி க்யூ. ஆறு நாள் லீவு போனது. அதில் நாலு சம்பளமில்லாத லீவு. ஸ்டென்டுக்கும் சில பொருள்களுக்கும் மட்டும் பணம் கட்டினார். அப்பா இப்போது காலையில் வாக்கிங் போகிறார். செயின் கழுத்திலேயே இருக்கிறது.

முடிவு நல்லது. ஆனால் அந்த ஒரு வாரம் தாங்காத நெஞ்சாக இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

*

தூரம் என்பது எப்போதும் கிலோமீட்டர் இல்லை. இதற்குத் திண்டிவனத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

1890-ஐ ஒட்டிய வருஷங்கள். திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்த மகள் ஐடா, ராணிப்பேட்டையில் பிறந்தவர். 'இந்த ஊர் நமக்கு ஆகாது, சீக்கிரம் திரும்பிவிட வேண்டும்' என்ற எண்ணத்தில்தான் இருந்தார். ஒருநாள் ராத்திரி ஒருவர் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உதவிக்கு வர முடியுமா என்றார். அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று போய்விட்டார் அவர். அதே ராத்திரி இன்னும் இரண்டு பேர், வேறு வேறு சமூகத்தவர்கள், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

டாக்டர் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில். ஆனாலும் அந்த மூன்று பெண்களுக்கும் அவர் அமெரிக்காவைவிட எட்டாத இடத்தில் இருந்தார்.

ஐடா கப்பல் ஏறினார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்ட சிறு மருத்துவமனை. 1902-ல் ஆஸ்பத்திரிக் கட்டடம். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971-ல் நடந்தது அங்கேதான். பங்களாதேஷிலிருந்து விசா எடுத்து வருகிற கூட்டம் தேடி வருவது, திண்டிவனத்தில் ஒரு ராத்திரி மூன்று முறை தட்டப்பட்ட கதவிலிருந்து புறப்பட்ட ஒன்றை.

நோயாளியைத் தூரம் அனுப்புவது ஒரு வழி. தூரத்தில் இருக்கிற வைத்தியத்தை ஊருக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. 2010-ல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த இரண்டாவது வகை. சர்க்கரை ஆலைக்குப் பெயர் போன ஊரில் சர்க்கரை வியாதிக்கும் வைத்தியம் வந்தது பொருத்தம்தான்.

*

ஆபீஸ் போகிற இளைஞர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒன்று: எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டென்ட், மூட்டுக் கருவி விலை தனியாக இருக்கட்டும். 'இதர' என்றால் என்ன என்று கேளுங்கள். கேட்பதற்கு ஃபீஸ் கிடையாது.

இரண்டு: ரிப்போர்ட், ஆஞ்சியோ சி.டி. எல்லாம் உங்கள் சொத்து. கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். இரண்டாவது டாக்டரிடம் போக அதுதான் உங்கள் பாஸ்போர்ட்.

மூன்று: 21,000 தாண்டி சம்பளம் வாங்கி, கம்பெனி பாலிசியும் இல்லாதவரா? இந்த மாசமே ஒரு குடும்பப் பாலிசி பாருங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2024-லேயே விதி வந்துவிட்டது. அந்த மூன்று வருஷத்தை உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓடவிட்டுவிடுங்கள். பணம், நேரம், தூரம் மூன்றில், முன்கூட்டியே சல்லிசாகக் கட்ட முடிகிறது நேரம் ஒன்றுதான்.

அப்பாவுக்கு என்ன வயசு என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? பிரீமியம் ஃபாரத்தில் முதல் கேள்வியே அதுதான்.